தொண்டை வலி போன பிறகு

கேரள மலைப்பகுதியான அகளிப் பக்கத்தில் ஒரு பழங்குடிச் சிறுவனுக்கு முட்டி வீங்கினால், முதலில் நினைவுக்கு வருவது அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்தான். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் அந்த நோய் இருப்பதால் சந்தேகம் நியாயமானது. ஆனால், அது மற்றொரு காரணத்தை மறைத்துவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் வந்துபோன தொண்டை வலிதான் அந்தக் காரணம். ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்பாற்றல், சிலருக்குச் சொந்த மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குகிறது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் அதிகம் வரும். வலி முட்டியிலிருந்து கணுக்காலுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு என்று தாவி, தானாகவே அடங்கிவிடும். இதய வால்வில் விழும் தழும்பு அப்படி அடங்காது. அரிவாள் செல் சோகையிலும் இதயத்தில் கூடுதல் ஒலி கேட்கும். ஆகவே ஸ்டெதாஸ்கோப் மட்டும் போதாது, எக்கோ என்ற இதய ஸ்கேனும் பார்க்க வேண்டும். ஒரு நோய் உறுதியானதாலேயே இன்னொன்று இல்லை என்றும் ஆகிவிடாது.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, அதற்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுப்பதா என்று கேட்கலாம். கூடாதுதான். மருத்துவர் சீட்டில்லாமல் அந்த மருந்துகளை விற்பதற்கு எதிராகக் கேரளம் 2024இல் தொடங்கிய 'ஆபரேஷன் அம்ருத்' சரியான நடவடிக்கையே. இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். இருமலே இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறிகட்டு, டான்சிலில் சீழ் என்றால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஸ்ட்ரெப் தொற்றாக இருந்தால், வலி தொடங்கி 9 நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். இத்தனை ஆண்டுகளாகியும் பெனிசிலினுக்கு இந்தக் கிருமி பணியாமல் போகவில்லை. அரிதான நோய்க்கு இவ்வளவு கவலையா என்பது அடுத்த கேள்வி. நெருக்கடியான வீடுகளிலும் மருத்துவமனை எட்டாத ஊர்களிலும் இது அவ்வளவு அரிதல்ல; உலகில் சுமார் 5.5 கோடிப் பேர் ருமாட்டிக் இதய நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகள். ஒவ்வாமை பயத்தால் ஊசியைத் தவிர்ப்பவர்கள் உண்டு. பயம் பொய்யல்ல, ஆனால் கடும் ஒவ்வாமை மிக அரிது, வால்வு கெடுவதோ நிரந்தரம். உண்மையான தடை மலைப் பாதையும் ஒரு நாள் கூலியும்தான். ஆகவே ஆசிரியர்களும் ஆஷா பணியாளர்களும் ஒன்று செய்ய வேண்டும்: மூட்டு வீங்கிய பிள்ளையிடம் போன மாதம் தொண்டை வலித்ததா என்று கேட்டு, அகளி சமூக சுகாதார மையத்துக்கோ கோட்டத்தறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்கோ அனுப்புங்கள்.