புதுக்கோட்டைக்கு வந்த மெல்போர்ன் மருமகள்

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் மனுவோடு வரிசையில் நிற்பவர்களுக்குத் தாங்கள் நிற்பது ஓர் அரண்மனையில் என்று தெரியும். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் வம்சத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மருமகள் வந்த கதை பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் மோலி ஃபிங்க். மெல்போர்ன் வழக்கறிஞர் ஒருவரின் மகள். 1915-ல் ஆஸ்திரேலியா போயிருந்த ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்னில் பதிவுத் திருமணம். மாப்பிள்ளைக்கு 39 வயது, பெண்ணுக்கு 20.

புதுக்கோட்டை அம்மனின் ஊர். மன்னர்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அம்மன் காசும் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சமஸ்தானத்துக்கு வேற்று நாட்டு, வேற்று மதத்துப் பெண் ராணியாக வந்தால் அரண்மனைக்குள் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? ஆனால் பெரிய எதிர்ப்பு வந்தது வெள்ளைக்காரர்களிடமிருந்து. வெள்ளைப் பெண் ஒருத்தி இந்திய ராஜாவின் மனைவியாவதை அவர்களால் தாங்க முடியவில்லை. மோலியை மகாராணியாக ஏற்க முடியாது, பிறக்கும் பிள்ளைக்கு அரியணை கிடையாது என்று பிரிட்டிஷ் அரசு கையை விரித்துவிட்டது. அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் அவரை அண்டவே இல்லை.

கர்ப்பிணியாக இருந்த மோலிக்கு அரளி விஷம் வைக்கப்பட்டதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வைத்த கை யாருடையது என்பது இன்றுவரை துலங்கவில்லை. 1916 ஏப்ரலில் தம்பதி ஊரை விட்டே கிளம்பினார்கள். ஜூலையில் சிட்னியில் மகன் பிறந்தான். அந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று வைத்தார்கள்.

மனைவியை விட்டுவிட்டு ராஜா மட்டும் திரும்பியிருந்தால் எல்லாம் அடங்கிப்போயிருக்கும். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆஸ்திரேலியா, பிறகு லண்டன், பிரான்ஸ் என்று குடும்பத்தோடே இருந்துவிட்டார். 1922 முதல் அவர் அண்ணன் ரகுநாத பல்லவராயர் ரீஜென்டாக இருந்து ஆட்சியைப் பார்த்துக்கொண்டார்.

மோலி ஒரு சமஸ்தானத்தைக் குலைத்துவிட்டார் என்று சொல்வது பெரும் அநியாயம். தன் வீட்டு ராணி யார், வாரிசு யார் என்று முடிவுசெய்யும் உரிமைகூட அந்த அரியணையில் உட்கார்ந்தவருக்கு இல்லை என்பதைத்தான் அந்தக் கல்யாணம் ஊரறியச் செய்தது. அதே கதை பின்னாளில் லண்டனிலேயே நடந்தது. தன் காதலி வாலிஸ் சிம்சனுக்காக பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பரில் முடி துறந்தார்; அவர் மனைவிக்கும் அரச குலப் பட்டத்தை மறுத்தார்கள்.

1928 மே மாதம் பாரிஸில் ராஜா இறந்தார். உடலைக்கூடப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர வழியில்லாமல் லண்டனில் தகனம் செய்தார்கள். பெற்ற மகனை ஒதுக்கிவிட்டு, குடும்பத்தின் வேறு கிளையிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமானை அரியணையில் அமர்த்தினார்கள். அவருக்கு அப்போது ஆறு வயது. 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவரும் அவர்தான்.

மோலி 1967 நவம்பரில் பிரான்சின் கான் நகரில் காலமானார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் கணவரின் அஸ்தியோடு அவர் அஸ்தியும் சேர்ந்தது. ராணியாக அவர் புதுக்கோட்டையில் வாழ்ந்தது ஆறு மாதம்கூட இல்லை.