வீட்டை ஊருக்குக் கொடுத்த முதல்வர்

ராஜபாளையம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். எனக்கு வருவது பி.எஸ். குமாரசாமி ராஜா.

1898-ல் இங்கே பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். காந்தி வழியில் பொதுவாழ்வுக்கு வந்து, 1949-ல் ஓமந்தூராருக்குப் பின் சென்னை மாகாண முதல்வரானார். 1948-ல் இயற்றிய ஜமீன் ஒழிப்புச் சட்டம் இவர் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஜமீன் நிலத்தை உழுதவங்க பேருக்குப் பட்டா கிடைக்க வழி பிறந்தது. சேத்தூர், சிவகிரி ஜமீன்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனாலும் 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அதற்காக ஊரோடு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம்.

நம்ம உழவர்களுக்கும் இதில் சேதி இருக்கு. பாரம்பரிய நெல் விதையை ஒருத்தரே பூட்டி வைத்தால், ஒரு மழை தப்பினாலே அந்த ரகம் போயிடும். பத்துப் பேர்கிட்ட இருந்தால் பிழைக்கும். இந்தப் பருவத்தில் ஒரு படி விதையைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுங்க. அறுப்பு முடிஞ்சதும் அவர் ரெண்டு படியாக இன்னொருத்தருக்குக் கொடுக்கட்டும்.