கினிப்பன்றியின் மெத்தையும் சலவை இயந்திரத்தின் தொண்டையும்

உங்கள் வீட்டில் ஒரு சலவை இயந்திரம் இருக்கிறது. ஒரு கினிப்பன்றியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை. கூண்டில் விரித்திருந்த துணியை எடுத்து இயந்திரத்தில் போட்டு விசையைத் திருப்புகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், தொட்டியில் பழுப்பு நிறத் தண்ணீர் அப்படியே நிற்கிறது. இயந்திரம் உறுமுகிறது, தண்ணீர் இறங்க மறுக்கிறது. பழுது பார்ப்பவர் வந்து அடிப்பக்கத்து வடிகட்டியைத் திருகி எடுக்கிறார். உள்ளேயிருந்து செத்த எலி போல ஒன்று வெளியே விழுகிறது. எல்லாரும் திடுக்கிட்டுப் பின்வாங்குகிறார்கள். அது எலி அல்ல, ரோமக் கட்டி! "இனி இந்த வீட்டில் மெஷின் இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பிராணி இருக்கும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பை மாற்ற முடியுமா? முடியும். அதற்கு முதலில் அந்தக் கட்டி எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோமம் நடக்குமா?

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். நீளமான தலைமுடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, விரல்களின் நீளவாக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். இரு விரல்களையும் முன்னும் பின்னுமாக மெதுவாகத் தேயுங்கள். முடி ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவதைக் காண்பீர்கள். முடியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்த் திசையில் நகரும். கவனித்துப் பாருங்கள்: எப்போதும் வேர் முனைதான் முன்னே செல்லும்!

காரணம் என்ன? முடியும் ரோமமும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அவற்றின் மேற்பரப்பில், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. செதில்களின் விளிம்புகள் எல்லாம் நுனியை நோக்கியே இருக்கும். மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுக்குகிறது. வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் சொரசொரக்கிறது அல்லவா? ரோமமும் அப்படித்தான். ஒரு திசையில் உராய்வு குறைவு. மறு திசையில் அதிகம். ஆகவே, அசைக்கும்போதெல்லாம் அது வேர்ப்பக்கமாக முன்னேறுமே தவிரப் பின்வாங்காது.

ஆயிரக்கணக்கான ரோமங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகர்ந்தால், பிரிக்க முடியாத முடிச்சு ஆகிவிடும். இந்தத் தன்மையை மனிதன் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறான். காஷ்மீரத்தில் 'நம்தா' என்னும் விரிப்பை நெய்யாமலே செய்கிறார்கள். ஆட்டு ரோமத்தைப் பரப்பி, நனைத்து, சவர்க்காரம் சேர்த்து, அழுத்தி உருட்டுகிறார்கள். மங்கோலிய மேய்ப்பர்களின் வட்டக் கூடாரத்தைப் போர்த்தும் தடித்த விரிப்பும் இதே இனம்தான்.

தண்ணீர், சவர்க்காரம், இடைவிடாத அசைவு. இந்த மூன்றும் சேரும் இடம் வேறு எது? சலவை இயந்திரம்! கம்பளம் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நாம் அறியாமலேயே நடத்தியிருக்கிறோம். துணியில் ஒட்டியிருந்த உலர்புல் துணுக்குகளும் அதில் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? சுவர் கட்டும் மண்ணில் வைக்கோலைக் கலப்பது போல, கட்டி இன்னும் உறுதியாகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். கழிவுநீர்க் குழாய் ஒன்றின் உள்விட்டம் 4 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் தடிமனுக்கு ரோமமும் அழுக்கும் படிந்தால், மீதி விட்டம் 2 சென்டிமீட்டர். விட்டம் பாதியானது, தண்ணீர் செல்லும் பரப்போ கால் பங்காகிவிட்டது!

துவைக்காமலே விட்டால் என்ன?

வம்பு எதற்கு என்று துணியை வாரக் கணக்கில் மாற்றாமல் விடலாமா? கூடாது. கினிப்பன்றி பன்றி அல்ல. கினி நாட்டைச் சேர்ந்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட, எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணி. அதன் சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா வாயு உண்டாகிறது. உங்கள் மூக்கு நாலைந்து அடி உயரத்தில் இருக்கிறது. அதன் மூக்கோ துணியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில்! உங்களுக்கு நெடி தெரிவதற்கு முன்பே அது அம்மோனியாவைச் சுவாசித்துக்கொண்டிருக்கும். நுரையீரல் பாதிக்கப்படும், ஈரத் துணியில் நின்று நின்று பாதங்களும் புண்ணாகும். ஆகவே துவைத்தே தீர வேண்டும். எப்படி?

ஈரம் படுமுன் ரோமம் போகட்டும்

இதுதான் முதல் விதி. நனைந்த ரோமம் பரப்பு இழுவிசையால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். எனவே துணியை முதலில் வெயிலில் காயவையுங்கள். புழுக்கைகளையும் புல்லையும் தட்டிவிட்டு, வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று உதறுங்கள். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்.

உதறியும் போகாத ரோமத்துக்கு ஒரு யுக்தி உண்டு. ரப்பர் கையுறை, அல்லது கழுவிக் காயவைத்த பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை எடுத்து, துணிமேல் ஒரே திசையில் அழுத்தித் தேயுங்கள். ரப்பருக்கு உராய்வு அதிகம். ரோமங்கள் திரி திரியாக உருண்டு வரும். அவற்றைக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் அல்ல.

அடுத்தது வாளி. துணியில் வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன? கினிப்பன்றி, உணவில் கிடைக்கும் கால்சியத்தில் மிகுதியானதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அது காய்ந்ததும் கால்சியம் கார்பனேட்டாகத் தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லிலும் முட்டை ஓட்டிலும் உள்ள அதே பொருள்! சவர்க்காரத்துக்கு அது அசையாது. ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்து, கார்பன்-டை-ஆக்சைடு வாயுவை வெளியேற்றும். அமிலம் இயந்திரத்தின் ரப்பர் பாகங்களுக்கு நல்லதல்ல. ஆகவே இதை வாளியிலேயே முடித்து, நன்றாக அலசிவிடுங்கள். அலசிய தண்ணீரைப் பழைய துணி ஒன்றில் வடிகட்டிக் கொட்டுங்கள்.

எச்சரிக்கை! வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும். சிறுநீர் நாற்றமுள்ள துணியில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவதும் ஆபத்து. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும்.

பிறகுதான் இயந்திரம். 'ஜிப்' வைத்த பழைய தலையணை உறை ஒன்றில் பாதியளவு மட்டும் துணியை அடைத்து மூடுங்கள். தண்ணீர் நெசவின் இடைவெளிகளில் புகுந்து வெளியேறும். ரோமமோ பெரும்பாலும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். திணித்து அடைத்தால் தண்ணீர் நடுவே போகாது. சோப்புத் தூள் குறைவாகவும் அலசல் ஒரு முறை கூடுதலாகவும் இருக்கட்டும். வீட்டாரின் உடைகளை இதனுடன் சேர்க்காதீர்கள். படர்தாமரை போன்ற தோல் நோய் பிராணிகளிடமிருந்து நமக்குத் தொற்றக்கூடும்.

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது இழைகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

வேலை முடிந்ததும் மின் இணைப்பைத் துண்டித்து, உள்ளே ஒட்டிய ரோமத்தை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மேலே திறக்கும் இயந்திரத்தில் பஞ்சு சேரும் சிறு வலைப்பை இருந்தால், அதைச் சுத்தம் செய்யுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தின் அடி வடிகட்டியைப் பெரியவர் துணையோடு, தண்ணீர் ஆறி வடிந்த பிறகே திறக்க வேண்டும். தலையணை உறை காய்ந்ததும் உள்பக்கத்தைத் திருப்பி உதறுங்கள். மூலைகளில் சின்னஞ்சிறு 'நம்தா'க்கள் கிடைக்கும்!

அவற்றை ஒரு தாளில் வைத்து அம்மாவிடம் காட்டுங்கள். இத்தனையும் குழாய்க்குப் போகாமல் தடுத்தது நீங்கள்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? தீர்ப்பு மாறினாலும் மாறும்.

யோசித்துப் பாருங்கள்: பருத்தி நூலையும் விரல்களுக்கிடையே தேய்த்தால், முடியைப் போல ஒரே திசையில் நகருமா? செய்து பார்த்து, காரணத்தையும் நீங்களே கண்டுபிடியுங்கள்.