வேகத்துக்குக் கடிவாளம் யார் கையில்?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதிதான் அம்பாறைக் கரையோரத்தின் முதுகெலும்பு. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் எல்லாம் அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தை, வங்கி, டியூட்டரி எதற்குப் போவதானாலும் இந்த வீதியில் ஏறவேண்டும், அல்லது இதைக் குறுக்கே கடக்கவேண்டும். கொழும்புக்குப் போகிற பஸ்ஸும், அறுவடை மெஷினும், நெல்லேற்றிய டிரக்டரும், மூன்று பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிளும் ஓடுவது இதே வீதியில்தான்.

இப்படி ஒரு வீதியில் எவ்வளவு வேகமாக ஓடலாம், அந்த அளவைக் காப்பாற்றுவது சாரதியின் பொறுப்பா, வாகனத்துக்குள் இருக்கும் கருவியின் பொறுப்பா என்ற கேள்வி இப்போது நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, வேகப் பலகையைப் படித்து எச்சரிக்கும் புதிய கார்களும் நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கருவி என்ன செய்கிறது, அது நமக்கு வேண்டுமா என்று விளங்கிக்கொள்வது நல்லது.

சட்டம் சொல்வது

இலங்கையில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், ஊர் விட்ட வெளியில் 70, அதிவேகப் பாதையில் காருக்கு 100 என்பது பொது அளவு. முச்சக்கர வண்டி எங்கே ஓடினாலும் 40தான். பஸ், லொறி போன்ற பாரமான வாகனங்களுக்கு ஊர் விட்ட வெளியில் காரைவிடக் குறைவு. 2018 ஜூலையில் தண்டப்பணம் கூட்டப்பட்டபோது ஒரு படிமுறை வந்தது. எல்லையை 20 வீதம் வரை தாண்டினால் 3,000 ரூபா, 30 வீதம் வரை 5,000, 50 வீதம் வரை 10,000, அதற்கும் மேலே போனால் 15,000.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்ற இருப்பது, வீதியோரம் வேகமானியோடு நிற்கும் பொலிஸார். அவர்கள் நிற்கும் இடத்தில் வேகம் குறையும். எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டிவிட்டால் அதற்கு முன்பே குறைந்துவிடும். அவர்களைத் தாண்டிய அடுத்த வளைவில் பழையபடி ஏறிவிடும். ஒரு நாளில் சில மணி நேரம், சில இடங்களில் மட்டும் உயிரோடிருக்கிற சட்டமாக அது ஆகிவிடுகிறது.

20 கூடினால் என்ன ஆகிவிடும்?

"அம்பதுக்கும் எழுபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் காக்கா?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்குச் சற்று மேல். கிரிக்கெட் பிட்ச் ஒன்றின் ஏறத்தாழ முழு நீளத்தையும் கார் ஒரே செக்கனில் கடந்துவிடுகிறது. பிள்ளை ஒன்று வீதிக்குள் ஓடிவருவதைக் கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு செக்கன் செலவாகிவிடும்.

காய்ந்த வீதி, நல்ல டயர், நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 50இல் வந்த கார் ஏறத்தாழ 28 மீற்றரில் நின்றுவிடும். 70இல் வந்த காருக்கு ஏறத்தாழ 46 மீற்றர் வேண்டும். இப்போது பிள்ளை நிற்பது 28ஆவது மீற்றரில். முதல் கார் பிள்ளைக்கு முன்னால் நின்றுவிட்டது. இரண்டாவது கார் அதே இடத்துக்கு வரும்போது இன்னும் மணிக்கு 58 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கிறது. பிரேக் பிடித்தும்கூட 58. ஓடும்போது 20தான் கூடியிருந்தது. மோதும் இடத்தில் அந்த இருபது, பூச்சியத்துக்கும் 58க்கும் உள்ள வித்தியாசமாகிவிட்டது. மாரி மழையில் நனைந்த வீதியும், தேய்ந்த டயரும் என்றால் கணக்கு இன்னும் மோசம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இரண்டு அளவுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு வீதியின் சராசரி வேகம் ஒரு வீதம் கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு நான்கு வீதம் கூடுகிறது. 50இல் மோதும் காரைவிட 65இல் மோதும் கார் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு அதிகம்.

இந்த வேகத்தால் மிச்சப்படும் நேரம் எவ்வளவு? பத்துக் கிலோமீற்றரை 50இல் ஓடினால் 12 நிமிடம். 70இல் ஓடினால் எட்டரை நிமிடம். மிச்சம் மூன்றரை நிமிடம். அதுவும் எங்கேயும் நிற்காமல் ஓடினால்தான். சந்தைச் சந்தியில் ஒரு தடவை நின்றாலே அதில் பாதி போய்விடும். நோன்பு துறப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் நம் ஊர்களில் ஓடும் ஓட்டமும் இந்த மூன்று நிமிடத்துக்காகத்தான். இலங்கையில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் உயிரிழக்கிறார்கள். நாளுக்கு ஆறேழு ஜனாசாக்கள், மரண வீடுகள். அவர்களில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்துபோனவர்களும்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எச்சரிப்பது. குறித்த வேகத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். வளைகுடாவில் வாகனம் ஓடியவர்களுக்கு 120ஐத் தாண்டியதும் காதுக்குள் கத்தும் அந்த மணி நன்றாகத் தெரியும். இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து விற்கப்படும் புதிய கார்கள் 80ஐத் தாண்டினால் இடையிடையே ஒலிக்கும், 120ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும்.

இரண்டாவது, தடுப்பது. பழைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பிலேயே ஓர் அளவுக்கு மேல் டீசல் போகாதபடி பூட்டிவிடலாம். இன்றைய வாகனங்களில் எக்சலேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கம்பி இழுவை இல்லை. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு சென்சர் அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்கிறது. எவ்வளவு காற்றும் எரிபொருளும் விடுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. அந்தக் கணினிக்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் எடுக்காது. ஜப்பானியக் கம்பனிகள் தங்கள் நாட்டுக்குச் செய்யும் கார்களை 180இலும், சின்ன எஞ்சின் கார்களை 140இலும் நிறுத்திவைத்திருப்பது இப்படித்தான். அங்கிருந்து வந்து நம் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கும் கார்களுக்குள்ளும் இந்தத் தடை ஏற்கெனவே இருக்கிறது. கார் கம்பனி தன் காரின் வேகத்துக்கு எல்லை போடலாமா என்று இனிமேல் கேட்பதில் பயனில்லை. அந்த எல்லை எந்த எண்ணில் இருக்கவேண்டும் என்பதே மிச்சமுள்ள கேள்வி.

மூன்றாவது வகை, வீதியைப் பார்த்து நடந்துகொள்வது. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமெரா வேகப் பலகையைப் படிக்கும். ஜிபிஎஸ், வண்டி எந்த வீதியில் நிற்கிறது என்று சொல்லும். இரண்டையும் சேர்த்து இந்த இடத்தில் எல்லை 50 என்று விளங்கிக்கொண்டு, அதைத் தாண்டினால் ஒலி எழுப்பும், எக்சலேட்டரை அதிரச்செய்யும் அல்லது எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7இலிருந்து விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் இது கட்டாயம். ஆனாலும் கடைசி முடிவு சாரதியிடமே இருக்கிறது. காலை இன்னும் அழுத்தினால் வண்டி போகும். கருவியை நிறுத்தியும் வைக்கலாம், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது அது தானாகவே திரும்ப வேலை செய்யத் தொடங்கும்.

நூறாண்டுச் சண்டை

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923இல் இதே விவாதம் நடந்தது. நகருக்குள் ஓடும் கார்கள் எல்லாவற்றிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போகவிடாத கருவியைப் பொருத்தவேண்டும் என்று 42,000க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். வீதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலம் அது. கார் வியாபாரிகள் ஒன்றுதிரண்டு எதிர்ப்பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் யோசனை தோற்றது. 25 மைல் என்பது 40 கிலோமீற்றர். இன்று நம் நாட்டில் முச்சக்கர வண்டிக்கு விதித்திருக்கும் அதே அளவு.

ஆட்சேபங்களும் பதில்களும்

"முந்திப் போகும்போது கருவி பிடித்து இழுத்தால் எதிரே வரும் லொறியில் அடிபடுவேனே?" நியாயமான பயம்தான். அதனால்தான் ஐரோப்பிய முறையில் காலை அழுத்தினால் தடை விலகிவிடுகிறது. ஆனால் 70க்கு மேல் போனால்தான் முந்தமுடியும் என்றால், அந்த இடத்தில் முந்தக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம்.

"அவசரத்துக்கு ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதானால்?" 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. சைரனும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருக்கும் வண்டி அது. பதறிய மனதோடு நாம் 90இல் ஓட்டினால் ஒரு நோயாளி மூன்று நோயாளியாகலாம்.

"நான் போகிற இடமெல்லாம் கண்காணிப்பார்களே?" வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்குத் தகவலை வெளியே அனுப்பத் தேவையில்லை. பலகையைப் படிப்பதும் எண்ணை ஒப்பிடுவதும் வண்டிக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே அனுப்பும் கருவியைப் பொருத்துவதானால் யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சட்டம் எழுதிவிட்டுத்தான் பொருத்தவேண்டும். அதை நாம் விட்டுக்கொடுக்கக்கூடாது.

"பலகையே இல்லாத வீதியில் கருவி எதைப் படிக்கும்?" இதுதான் ஆட்சேபங்களில் கனமானது. வேகப் பலகைக்கு முன்னால் டியூட்டரி பேனரும் தேர்தல் போஸ்டரும் தொங்கினால் மனிதனுக்கும் தெரியாது, கமெராவுக்கும் தெரியாது. கருவி வரும் முன்னே வீதி திருந்தவேண்டும்.

நம் வீதிக்கு எது பொருந்தும்?

பிறர் உயிரைச் சுமந்து ஓடும் வாகனத்துக்குத் தடைக் கருவி கட்டாயம் வேண்டும் என்பது என் முடிவு. கல்முனையிலிருந்து இரவில் புறப்படும் கொழும்பு பஸ்ஸில் நாற்பது ஐம்பது பேர் ஒரு சாரதியின் கண்ணையும் காலையும் நம்பித் தூங்குகிறார்கள். 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் கவிழ்ந்து 20க்கு மேற்பட்டோரும், செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் உட்படப் பலரும் உயிரிழந்தார்கள். ஒரே வண்டியில் எத்தனை குடும்பங்களின் உயிர் தொங்குகிறது என்று நாடே உணர்ந்த ஆண்டு அது. அதே ஆண்டில் நீண்டதூர பஸ்களில் சாரதி கண்ணயர்கிறாரா என்று பார்க்கும் கமெராக்களைப் பொருத்திப் பரீட்சிக்கவும் தொடங்கினார்கள். கண்ணுக்குக் காவல் வைக்கிறவர்கள் காலுக்கும் வைக்கவேண்டும். பஸ், லொறி, பாடசாலை வேன் எல்லாவற்றுக்கும் சட்ட எல்லையிலேயே தடை போடலாம். அடுத்த பஸ்ஸை முந்தி ஆள் ஏற்றும் போட்டியும் அதோடு தணியும். எல்லா பஸ்ஸுக்கும் ஒரே தடை என்றால் எந்தச் சாரதிக்கும் நட்டமில்லை.

சொந்தக் காருக்கு எச்சரிக்கும் கருவி போதும். அது இல்லாதவர்கள், ஓடும் வேகத்தைக் காட்டும் வரைபடச் செயலியை போனில் ஸ்டார்ட் பண்ணும்போதே திறந்து தாங்கியில் வைத்துவிட்டால், பாதிப் பலன் கிடைக்கும்.

மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கருவிகள் எதுவும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. நம் கரையோரத்தில் அதிகம் ஓடுவதும், அதிகம் இழப்பதும் மோட்டார் சைக்கிளில்தான். அதற்கு மருந்து வீதியில்தான் இருக்கிறது. நிந்தவூருக்கு முன்னும் பின்னும் போல வயல்வெளி விரியும் இடங்களில் கால் தானாக அழுத்துகிறது. அதே வேகத்தோடு வண்டி ஊர்மனைக்குள் நுழைந்துவிடுகிறது. ஊர் தொடங்கும் இடத்திலேயே வீதியை ஒடுக்கி, பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் முன்னால் பாதசாரிக் கடவையைச் சற்று உயர்த்திக் கட்டி, அங்கே 30 என்று பலகை நட்டால், கணினி இல்லாத ஹொண்டாவும் குறைந்துதான் போகும். பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து ஓடும் இடங்களில் 30 என்பதை, 2020இல் ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய நாடுகள் பிரகடனமாகவே சொல்லியிருக்கின்றன.

வீதி அபிவிருத்தி அதிகார சபையும், கல்முனை மாநகர சபையும், பக்கத்துப் பிரதேச சபைகளும் செய்யவேண்டிய வேலை இது. கேட்கவேண்டியவர்கள் நாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் தங்கள் வாசலுக்கு முன்னால் ஓர் உயர்ந்த கடவை வேண்டும் என்று இந்த மாதமே கடிதம் எழுதட்டும். பலகையை மறைக்கும் பேனரை ஊர் இளைஞர்களே கழற்றட்டும். மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் வாப்பாமார், சாவியோடு ஐம்பது என்ற எண்ணையும் பிள்ளை கையில் கொடுக்கட்டும். கருவி வரும் வரைக்கும் அந்த எண்ணை நம் கால்தான் காப்பாற்றவேண்டும்.