ஒரே பாட்டு, மூன்று மாஸ்டரிங்: வகுப்பறையில் கேட்டுப் பார்த்தவை

பாடல் வழிக் கற்பித்தல் நமக்குப் புதிதல்ல. செல்பேசி வந்த பிறகு பிள்ளைகளையே பாடவைத்துப் பதிவு செய்து, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர்களும் பெருகிவிட்டோம். பதிவு செய்தபின் அந்தப் பாட்டு அடுத்த வகுப்பில் கேட்கும்போது சொல் புரிகிறதா என்பதில்தான் சிக்கல். அதைத் தீர்மானிக்கும் கடைசிப் படிதான் மாஸ்டரிங்.

குரல், தாளம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் கலப்பது மிக்ஸிங். கலந்து முடிந்த ஒரே கோப்பை எடுத்து, அது எந்தக் கருவியில் ஒலித்தாலும் சரியாகக் கேட்கும்படி ஒலி அளவையும் தொனியையும் சீர்செய்வது மாஸ்டரிங். இசைத்தட்டுக் காலத்தில் இதற்கு வேறு நெருக்கடி இருந்தது. அடித்தொனி மிகுந்தால் தட்டின் பள்ளம் அகலமாகும், ஊசி துள்ளும். அதனால் வெட்டுவதற்கு முன் அடக்கி வைத்தார்கள். 1982இல் குறுந்தகடு வந்ததும் அந்தத் தடை போனது. பிறகு எல்லோரையும்விடச் சத்தமாக ஒலிக்கவேண்டும் என்ற போட்டி தொடங்கியது. 2008இல் மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னட்டிக்' தொகுப்பு வந்தபோது, ஒலி நசுங்கிவிட்டது என்று ரசிகர்களே முறையிட்டார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுங்காமல் ஒலித்ததைக் கேட்டுவிட்டதுதான் காரணம்.

நான் ஒப்பிட்டது எங்கள் பள்ளிப் பாட்டு ஒன்று. ல, ள, ழ வேறுபாட்டுக்காக நாங்களே கட்டியது. எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவார்கள், இரண்டு பறை ஒலிக்கும், நடுவில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தனியாக ஒரு பத்தி பாடுவாள். குரல் மெல்லியது. ஆனால் ழகரச் சொற்கள் பெரும்பாலும் அவள் பத்தியில்தான் இருக்கின்றன. அவள் குரல் கேட்கவில்லையென்றால் பாட்டு போட்டும் பயனில்லை. 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் மூன்று விதமாகச் செய்தேன்.

முதல் வகை எளிது. பாட்டின் மிக உயர்ந்த உச்சியைக் கண்டுபிடித்து, அது எல்லையைத் தொடும்வரை மொத்தத்தையும் சமமாக உயர்த்துவது. எதுவும் கெடாது. ஆனால் எங்கள் பாட்டில் அந்த உச்சி, தொடக்கத்தில் விழும் ஒரே ஒரு பறை அடி. அது எல்லையைத் தொட்டதும் உயர்த்த இடமில்லை. சிறுமியின் குரல் கீழேயே கிடந்தது.

இரண்டாவது, கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் பலமாகப் போட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழுப்பது. செல்பேசியில் கேட்டால் முதலில் பிரமாதமாகத்தான் இருக்கும். தனிப்பத்தி வந்ததும் சிறுமியின் குரலோடு மின்விசிறி இரைச்சலும் மூச்சுச் சத்தமும் மேலே ஏறி வந்தன. இரைச்சலை நீக்கும் கருவியை அழுத்திப் போட்டால் சகரம் போன்ற மெல்லிய ஓசைகளும் சேர்ந்தே கரைந்துபோகின்றன. உச்சரிப்புப் பாட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

மூன்றாவது, கையால் செய்வது. சிறுமியின் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து 5 டெசிபல் உயர்த்தினேன். (இலக்கணப்படி இது மிக்ஸிங் வேலை. கலந்த கோப்பு மட்டுமே கையில் இருக்கும் ஆசிரியருக்கு அந்த வேறுபாடு அவ்வளவு முக்கியமில்லை.) பிள்ளைகளின் குரலின் அடிப்படை அதிர்வு 200 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் குரலுக்குச் சேதமில்லை, கைபேசியைத் தொட்ட சத்தமும் உறுமலும் போய்விடும். பறையின் கனம் சற்றுக் குறையும், பரவாயில்லை. 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி பேச்சுத் தெளிவுக்கு முக்கியம். அதை 2 டெசிபல் மட்டும் கூட்டினேன். கடைசியில் மென்மையான லிமிட்டர்.

இனி ஒப்பிடுவது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். இரண்டு ஒலிகளில் எது சற்றே சத்தமாக இருக்கிறதோ அதைத்தான் நம் காது நல்லது என்று சொல்லும். ஆகவே மூன்றையும் முதலில் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரவேண்டும். இதற்கு 'லஃப்ஸ்' என்னும் அளவு இருக்கிறது. உச்சியை மட்டும் பாராமல், காதுக்கு மொத்தத்தில் எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதை அது கணக்கிடும். ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் மைனஸ் 23ஐப் பின்பற்றுகின்றன. யூடியூபில் மைனஸ் 14ஐத் தாண்டினால் அதுவே குறைத்துவிடும். எனவே அங்கே ஏற்றுவதற்காக நசுக்குவது வீண் வேலை. ஆடாசிட்டியில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' என்ற கட்டளை உண்டு. மூன்று கோப்புகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். முதல் வகையின் பறை அடி எல்லையைத் தாண்டாதபடி, ஒப்பிடும்போது மட்டும் தாழ்வான எண்ணாக, மைனஸ் 23 போல வைத்துக்கொள்வது நல்லது.

செல்பேசி, வகுப்பு புளூடூத் ஒலிபெருக்கி, காலை வழிபாட்டுக் கூம்பு ஒலிபெருக்கி ஆகிய மூன்றிலும் போட்டேன். எது எந்த வகை என்று சொல்லாமல், கேட்ட சொற்களை எழுதச் சொன்னேன். சமமான சத்தத்தில் இரண்டாம் வகை தன் பளபளப்பை இழந்து தட்டையாகிவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் ழகரச் சொற்களைச் சரியாக எழுதியது மூன்றாம் வகையில்தான். ஆனால் கூம்பில் கதை மாறியது. திறந்த வெளியில் காற்றும் பேச்சும் இருக்கும்போது, முதல் இரண்டு வரி மெதுவாக ஒலித்தால் யாருக்கும் கேட்காது. அங்கே இரண்டாம் வகையே வென்றது. கூம்பு அடித்தொனியைப் பெரும்பாலும் வெளியே விடாது என்பதால், அங்கே அடித்தொனியைக் கூட்டுவதாலும் பயனில்லை. அது லிமிட்டரின் இடத்தை அடைத்துக்கொண்டு குரலைத்தான் அமுக்கும்.

கோப்பை ஏற்றினால் தானே மாஸ்டரிங் செய்து தரும் இணையச் சேவைகளும் உள்ளன. என் குரலில் ஒரு பாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். இசைக்கு நன்றாகவே செய்கிறது. சொல் தெளிவுதான் பாட்டின் நோக்கம் என்பது அதற்குத் தெரியாது. பிள்ளைகளின் குரலைப் பெற்றோர் அனுமதியின்றி இப்படி வெளியே ஏற்றுவதும் சரியில்லை.

இப்போது நான் ஒவ்வொரு பாட்டையும் 'வகுப்பு', 'வழிபாடு' என்று இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்கிறேன். இரண்டிலும் உச்சியை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துகிறேன். எம்.பி.3 ஆக மாற்றும்போது உச்சிகள் சற்று உயரும் என்பதால் அந்த இடைவெளி வேண்டும். வேவ் வடிவில் உள்ள மூலப் பதிவைத் தொடாமல் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு வேறு ஒலிபெருக்கி வந்தால் அதிலிருந்துதான் மறுபடி தொடங்கவேண்டியிருக்கும்.