அங்கிலிக்கன் கோயிலுக்கு அழைப்பு வந்தால்

ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருப்பவர்கள், ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள், நன்மை தீமை என்றால் ஒருவருக்கொருவர் முன்னுக்கு நிற்பவர்கள் நாம். ஆனால் பக்கத்து வீட்டு வேதக்காரர் பிள்ளைக்குக் கோயிலில் கலியாணம் என்றால் மட்டும், நம்ம ஆட்கள் பலர் வாசல் மரத்தடியிலேயே நின்றுவிட்டு, பிறகு சாப்பாட்டுக்குப் போகிறார்கள். சாவு வீட்டிலும் அப்படித்தான். கேட்டால், “எழும்பணுமா, உட்காரணுமா, அப்பத்தைக் கொடுத்தா வாங்கணுமா, ஒண்ணுந் தெரியாதுங்களே” என்கிறார்கள். உள்ளே பெண்ணின் தாய் நம்மைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்ப்பது வெளியில் நிற்பவருக்குத் தெரிவதில்லை.

இன்னொரு பயமும் உண்டு: “அது துரைமார் கோயில்.” இதற்குக் காரணம் இல்லாமலில்லை. டிக்கோயா வோர்லி கோயில் போல மலைநாட்டில் பல கோயில்களை வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில்தான் கட்டினார்கள். ஆனால் 1854 இலேயே தோட்டத் தமிழருக்கென்று அங்கிலிக்கன் மிஷன் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’! பெயரைக் கேட்டால் நமக்குக் கோபம் வரும், ஆனாலும் நமது ஆட்கள் இந்தச் சபைக்குள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இன்று துரைமாருக்கென்று வாங்கு கிடையாது. கலியாணம், சாவு என்றால் முன் வாங்குகளைக் குடும்பத்தாருக்கு விட்டுவிட்டு, மற்ற எந்த வாங்கிலும் இருக்கலாம்.

இங்கிலாந்துச் சபையின் வழியில் வந்தது இது. நமது நாட்டில் இலங்கைத் திருச்சபை என்பார்கள். கொழும்பு, குருநாகல் என்று இரண்டு பேராயர்கள். அமெரிக்காவில் எப்பிஸ்கோப்பல் சபை என்பதும் இதே குடும்பந்தான். குருவானவர் கலியாணம் முடித்திருப்பார், மனைவி பிள்ளைகளும் வாங்கில் இருப்பார்கள். குருவானவர் பெண்ணாகவும் இருக்கலாம். 2006 முதல் இங்கே பெண்களும் குருவாகிறார்கள்.

வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் போட்டபடியே போகலாம். பொட்டு, திருநீறு அழிக்க வேண்டியதில்லை. நடுவிலோ பின்னாலோ இருந்துகொண்டு முன்னுக்கு இருப்பவர்களைப் பார்த்துச் செய்தால் போதும். பொதுவாகப் பாட்டுக்கு எழும்புவார்கள், வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் இருப்பார்கள், செபத்துக்கு முழங்காலில் நிற்பார்கள். சுவிசேஷம் வாசிக்கும்போது மட்டும் எல்லாரும் எழும்புவார்கள். மலையேறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்கள் இருந்தபடியே தலையைக் குனிந்தால் போதும், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். செபங்கள் புத்தகத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

நடுவில் திடீரென்று எல்லாரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்து “சமாதானம்” என்பார்கள். புதிதாய்ப் போனவர் இங்கேதான் திடுக்கிடுவார். கை கொடுக்கலாம், கும்பிடலாம், இரண்டும் சரி. பிறகு காணிக்கைப் பை வரும். விருந்தாளி போடத்தான் வேண்டும் என்று இல்லை. சம்பளத்துக்கு முந்திய கிழமையென்றால் வெட்கப்படாமல் அடுத்தவருக்குக் கடத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் திருவிருந்து. ஞாயிறு ஆராதனையில் இது பெரும்பாலும் இருக்கும், சில கலியாணங்களிலும் வைப்பார்கள். எல்லாரும் வரிசையாகப் பீடத்தருகே போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். இது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரியது. பிரசாதம் என்று நினைத்து நாம் கை நீட்டக்கூடாது. அவர்களுக்கு அது இயேசுவின் உடலும் இரத்தமும். வாங்காமல் வாங்கிலேயே இருப்பது அவமரியாதை அல்ல, அதுதான் முறை. பல கோயில்களில் வாங்காதவர்களும் இரு கைகளையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னே போகலாம். குருவானவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். இதனால் நீங்கள் வேதத்தில் சேர்ந்ததாக ஆகாது. ஞானஸ்நானம் என்பது தண்ணீரால், அதற்கென்று வாக்குக் கொடுத்துப் பெறுவது. கலியாணம் பார்க்கப் போய்த் தெரியாமல் மதம் மாறிவிட முடியாது. வீட்டில் தாத்தா பாட்டி பயப்பட்டால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடக்க ஆராதனையில் பெட்டி முன்னால் இருக்கும், பாட்டும் வாசிப்பும் செபமும் நடக்கும். சத்தம்போட்டு ஒப்பாரி வைப்பது நமது வழக்கம். அங்கே செபம் நடக்கும் நேரம் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. குழியருகே குருவானவரும் குடும்பத்தாரும் மண் போட்ட பிறகு நீங்களும் ஒரு பிடி மண் போடலாம். அது நமக்குத் தெரிந்த வழக்கந்தானே.

ஒன்று மட்டும், சொன்ன நேரத்துக்கே மணி அடித்துத் தொடங்கிவிடுவார்கள். பத்து நிமிடம் முந்திப் போங்கள், போனை நிறுத்திவிடுங்கள். அடக்கம் வேலை நாளில் என்றால் பேர் விசயத்தைக் காலையில் பிரட்டிலேயே கணக்கப்பிள்ளையிடம் பேசிக்கொள்ளுங்கள்.