பழைய பேஜ்மேக்கர் கோப்பை மறுபடி அச்சுக்குக் கொண்டுவர

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில், கல்முனை வீதியை ஒட்டிக் கிடக்கும் செட்டிபாளையம், குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி போன்ற ஊர்களின் வரலாற்றில் பெரும்பகுதி மலர்களில்தான் இருக்கிறது. கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஒருவர் இறந்து 31ஆம் நாளில் கொடுக்கிற நினைவு நூலான கல்வெட்டு என்று ஒவ்வொன்றிலும் வேறெங்கும் கிடைக்காத ஒரு கட்டுரையாவது இருக்கும். ஈய எழுத்துக் கோக்கும் காலம் போனபின் வந்த மலர்களில் மிகப்பல பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் பக்கம் கட்டப்பட்டவை. இப்போது ஒரு மலரை மறுபதிப்புச் செய்ய நினைத்து, அச்சகத்தில் கேட்டுப் பழைய இறுவட்டை வாங்கிவந்தால், வீட்டுக் கணினி அந்தக் கோப்பைத் திறப்பதில்லை. திறந்தாலும் தமிழ் தெரிவதில்லை.

இதற்கு ஒரே ஒரு மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். உங்களுக்கு வேண்டியது பக்கமா, எழுத்தா என்று முதலில் தீர்மானியுங்கள். மலர் இருந்தபடியே மறுபடி அச்சாக வேண்டும் என்றால் அது பக்கம். கட்டுரையைத் திருத்த வேண்டும், இணையத்தில் போட வேண்டும், தேடினால் அகப்பட வேண்டும் என்றால் அது எழுத்து. இரண்டுக்கும் வழி வேறு. பக்கம் மட்டும் போதும் என்கிறவர் யூனிகோடுக்கு மாற்றப் புறப்பட்டு, வீணாக மாதக்கணக்கில் பிழை திருத்திக்கொண்டிருப்பதுண்டு.

பக்கத்தை முதலில் பார்ப்போம். பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள். 1994இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கியது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. கோப்பின் பெயர் பி65 என்று முடிந்தால் அது 6.5 பதிப்பு, பிஎம்டி என்று முடிந்தால் 7.0. இந்த இரண்டையும் அடோபியின் இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை, நேரடியாகத் திறந்தது. இன்று சந்தாவுக்குக் கிடைக்கும் இன்டிசைன் திறக்காது. பழைய சிஎஸ் பதிப்பு ஒன்றை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் அச்சகம் இருந்தால் அங்கே கொண்டுபோங்கள்.

அதைவிட நம்பகமானது, கோப்பை அது பிறந்த இடத்திலேயே திறப்பது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி ஒன்றில், அல்லது விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச மென்பொருளால் புதிய கணினிக்குள் எக்ஸ்பியை ஓடவிட்டு, அதில் பேஜ்மேக்கரை நிறுவலாம். அங்கிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, அதை டிஸ்டில்லரிலோ, இலவசமாகக் கிடைக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டிலோ கொடுத்தால் பீடிஎஃப் வரும். வரி உடைவதும் பத்தி நகர்வதும் இந்த வழியில்தான் மிகக் குறைவு.

லிப்ரே ஆபிஸில் உள்ள ட்ரோ செயலியும் 2015 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. காசு இல்லை, பழைய கணினியும் வேண்டாம். ஆனால் பக்க அமைப்பு அங்குமிங்கும் பிசகும். அச்சுக்கு அதை நம்ப மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் எழுத்தை மட்டும் வெளியே எடுக்கவும் போதும்.

எந்த வழியானாலும் இரண்டு பொருள்கள் கோப்போடு கூடவே வர வேண்டும். ஒன்று எழுத்துரு. பாமினி மட்டும் இருந்தால் போதாது. தலைப்புக்கு வேறு அலங்கார எழுத்துருக்கள் போட்டிருப்பார்கள். அவற்றையும் அதே இறுவட்டிலிருந்தோ அச்சகத்துக் கணினியிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது படங்கள். பேஜ்மேக்கர் பெரிய படங்களைப் பெரும்பாலும் கோப்புக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரியையும் திரைக்கு மட்டும் ஆகும் ஒரு மங்கல் பிரதியையும் வைத்திருக்கும். அதனால் திரையில் அதிபரின் படம் நன்றாகத்தான் தெரியும். அச்சிட்டால் கட்டம் கட்டமாக வரும். மூலப்படம் கிடைக்காவிட்டால், அச்சான மலரிலிருந்து அந்தப் படத்தை ஸ்கேன் செய்து ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

பீடிஎஃப் வந்ததும் அக்ரோபாட் ரீடரில் திறந்து, ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவும் உள்ளே பதிந்திருப்பதாகக் காட்ட வேண்டும். பதியாத எழுத்துரு இருந்தால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரிகிற பக்கம் அச்சகத்தில் ஆங்கிலக் கிறுக்கலாகப் போகும்.

ஏன் அப்படி என்றால், பாமினியில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். 'தமிழ்' என்று தெரியும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்து வேண்டும் என்கிறவருக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது.

செட்டிபாளையம் என்ற பெயரையே எடுங்கள். பாமினியில் தட்டச்சு இயந்திரத்து வழக்கப்படி ஒற்றைக்கொம்பு முதலில், ச பிறகு. யூனிகோடில் ச முதலில், கொம்பு பிறகு. நடுவில் வரும் ளையிலும் இதே மாற்றம். சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இந்த இடமாற்றத்தை ஒழுங்காகவே செய்கின்றன. அவற்றால் அறிய முடியாதது, எந்தச் சொல் பாமினியில் இருந்தது, எது ஆங்கில எழுத்துருவில் இருந்தது என்பது. மொத்தமாக வெட்டி ஒட்டினால் ஆங்கில முகவரிகளும் பட்டங்களும் பொருளில்லாத தமிழாகிவிடும்.

இன்னொன்று, நம் இணையத்தளங்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: பெயர்ப் பட்டியலில் காற்புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் 'இ' என்று நிற்கும். பாமினியில் காற்புள்ளி விசையை அடித்தால் 'இ' வரும். காற்புள்ளிக்கு வேறு விசை உண்டு. தட்டச்சு செய்தவர் அந்த ஒரு குறிக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறியிருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று எடுத்து 'இ' ஆக்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'இ'யையும் காற்புள்ளி ஆக்கிவிடாதீர்கள். இலங்கையும் இராமகிருஷ்ணரும் தலையிழந்து நிற்பார்கள். சொல்லின் கடைசியில் வரும் 'இ'யை மட்டும் மாற்றுங்கள். தமிழ்ச் சொல் 'இ' என்ற தனி உயிரெழுத்தில் முடிவதில்லை என்பதால் இது தப்பாது.

ஆங்கிலப் பகுதிகளை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் கட்டுரை கட்டுரையாக மாற்றுவது நல்லது. அச்சான மலரைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க, மற்றவர் திரையில் பார்க்க வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

கோப்பே கிடைக்காமல் அச்சுப் பிரதி மட்டும் கையில் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். 2004 கடல்கோள் இந்தக் கரையில் எத்தனை வீட்டு அலுமாரிகளைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். மிஞ்சிய ஒரு பிரதியை இரவல் கொடுத்துத் தொலைக்க வேண்டாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் இப்படியான மலர்களையும் சேர்க்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

புதிய மலர் போடும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அச்சகத்துக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கும்போதே அச்சுக்குப் போன பீடிஎஃப், பக்கம் கட்டிய கோப்பு, எழுத்துருக்கள், படங்கள் நான்கையும் ஒரே உறையில் கேட்டு வாங்கி, இரண்டு வீடுகளில் வையுங்கள்.